சுழலும் பொருளில் எடை எங்கே இருக்கிறது

கிடக்கும் பொருளை நகர்த்த விசை வேண்டும். நகரும் பொருளை நிறுத்தவும் விசை வேண்டும். இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கும் இந்தப் பிடிவாதத்துக்கு நிலைமம் என்று பெயர். இலங்கைப் பாடநூல்கள் இதைச் சடத்துவம் என்கின்றன. நேர்கோட்டில் போகும் பொருளின் நிலைமத்தைச் சொல்ல அதன் நிறை ஒன்றே போதும். சுழலும் பொருளுக்கு அது போதாது. அந்த நிறை சுழல் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஓர் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தி இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் சிரமமில்லாமல் சுழலும். அதையே நடுவில் பிடித்துச் சிலம்பக் கம்பாகச் சுழற்றப் பார்த்தால் தோள் கழன்றுவிடும். உலக்கையும் அதே உலக்கை, எடையும் அதே எடை. அச்சு மாறியதும் அந்த எடையில் பெரும்பகுதி அச்சைவிட்டுத் தூரப் போய்விட்டது.

சுழல் நிலைமத்தை அளக்கும் அளவுக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். பொருளின் ஒவ்வொரு துணுக்கின் நிறையையும், அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் இருமடியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் அது கிடைக்கும். தூரம் இரட்டித்தால் நிலைமம் நான்கு மடங்கு. தூரம் மும்மடங்கானால் நிலைமம் ஒன்பது மடங்கு. தூரம் ஏன் இருமடியாக வருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. இரட்டைத் தூரத்தில் இருக்கும் துணுக்கு அதே நேரத்தில் இரட்டை நீளமுள்ள வட்டத்தைச் சுற்றிவர வேண்டும். ஆகவே அதற்கு இரட்டை வேகம் ஏற்ற வேண்டும், அதற்கு இரட்டை விசை வேண்டும். அந்த விசை அச்சிலிருந்து இரட்டைத் தூரத்தில் செயல்படுவதால் அதற்குத் தேவையான திருப்பு விசை இன்னும் ஒரு முறை இரட்டிக்கிறது. இரண்டும் சேர்ந்து நான்கு.

பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய தமிழ்க் கடைகளில் அடுக்கியிருக்கும் தேங்காய்ப்பால் டின்னை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே இறுகிவிடும். அதனால் கொழுப்பு மிகுந்த கட்டிப்பால் டின் பாரிஸ் குளிரில் கல்லாகிவிடும். இளம் வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் மறுபடி பாலாகும். இறுகிய டின் ஒன்றையும் இளகிய டின் ஒன்றையும் ஒரு சாய்பலகையின் தலையில் பக்கவாட்டில் வைத்து ஒன்றாக விட வேண்டும். நிறுவனம் ஒன்று, எடை ஒன்று, தகரம் ஒன்று. ஆனாலும் இளகிய டின்தான் முதலில் கீழே வந்து சேரும். இறுகிய டின் உருளும்போது உள்ளே இருப்பதும் தகரத்தோடு சேர்ந்து சுழன்றாக வேண்டும். சறுக்கில் இறங்கிக் கிடைத்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தச் சுழற்சிக்கே செலவாகிவிடும். முன்னே செல்ல மீதிதான் உண்டு. இளகிய டின்னில் தகரம் மட்டும் சுழல்கிறது. பால் சுழலாமலே கீழே இறங்கி வருகிறது. அதன் ஆற்றல் முழுவதும் முன்னோட்டத்துக்கே போகிறது. பலகை மிக நீளமாக இருந்தால் தகரத்தின் உரசலால் பாலும் மெல்ல மெல்லச் சுழலத் தொடங்கும், வித்தியாசம் குறையும். பச்சை முட்டையையும் அவித்த முட்டையையும் மேசைமேல் சுழற்றிப் பார்த்துப் பிரித்தறியும் வழக்கத்துக்கும் இதுதான் அடிப்படை. டின்னைத் திறக்கவே இல்லை. உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுழற்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதே உத்தியில்தான் பூமியின் மையத்தையும் அறிந்தார்கள். அது பின்னால் வரும்.

சாய்வில் உருளும் பொருள்களின் வேகத்தில் வியப்பான ஒரு செய்தி உண்டு. எடையும் அளவும் கணக்கிலிருந்து கழன்றுபோகும். வடிவம் மட்டும் மிஞ்சும். நிறை முழுவதும் விளிம்பில் இருக்கும் வளையம், ஆற்றலில் பாதியைச் சுழற்சிக்குக் கொடுத்துவிடும். திண்மமான உருளை மூன்றில் ஒரு பங்கையும், திண்மமான கோளம் ஏழில் இரண்டு பங்கையும் கொடுக்கும். கோலிக்குண்டும் இரும்புப் பீரங்கிக் குண்டும் ஒரே சாய்வில் ஒரே நேரத்தில் வந்து சேரும். இரண்டுமே மோதிரத்தை முந்தும்.

லாச்சப்பலில் உருளும் பெரிய பொருள்கள் ரயில் சக்கரங்கள். வடக்கு ரயில்பாதையும் கிழக்கு ரயில்பாதையும் இப்பகுதியின் இரு புறமும் ஓடுகின்றன. தலைக்கு மேலே பாலத்தில் இரண்டாம் எண் மெட்ரோ போகிறது. ரயிலை வேகமெடுக்க வைக்கும்போது அதன் நிறையை மட்டும் கணக்கில் கொண்டால் மோட்டாரின் வலு போதாமல் போகும். வண்டி முன்னே போவதோடு சக்கரங்களும் அச்சுகளும் மோட்டார்களின் சுழலிகளும் சுழல வேண்டும். பொறியாளர்கள் இதற்காக வண்டியின் நிறையோடு சில சதவீதம் கூட்டிக்கொள்வார்கள்; மோட்டார் பொருத்திய பெட்டிகளில் அந்தக் கூட்டல் 10 சதவீதத்தை நெருங்கும். மோட்டாரின் சுழலி சிறியதுதான். ஆனால் பற்சக்கரங்கள் வழியாக அது சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அந்த மடங்கும் இருமடியாகவே கணக்கில் வருகிறது. பிரேக் போடும்போது இந்தச் சுழற்சி ஆற்றலையும் சேர்த்தே அடக்க வேண்டும்.

ஆவணி வாக்கில், ரூ பஜோலில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் இந்தத் தெருக்களில் இழுக்கப்படுகிறது. சிதறு தேங்காய்க்கு நடுவே வடம் பிடிப்பவர்களின் கைக்கும் அதே கணக்குத்தான். தேரின் நிறையில் பத்தில் ஒரு பங்கு சக்கரங்களில் இருக்கிறது என்றும், அவை விளிம்பு வரை ஒரே சீரான திண்மத் தட்டுகள் என்றும் கொண்டால், தேர் உள்ளதைவிட 5 சதவீதம் கூடுதலாகக் கனப்பதுபோல் இழுவைக்குத் தெரியும். அந்த நிறை முழுவதும் விளிம்பில் இருந்தால் 10 சதவீதம். தேர் ஊர்ந்தாலும் ரயில் பறந்தாலும் இந்த விகிதம் மாறாது.

தமிழ் உணவகங்கள் நிறைந்த ரூ கய் என்ற தெரு, ஜான் பிரான்சுவா கய் என்ற 19-ஆம் நூற்றாண்டு இயந்திரத் தொழிலதிபரின் பெயரைத் தாங்கியது. அவருடைய பட்டறைகளில் 1849 முதல் கிராம்ப்டன் வகை நீராவி எஞ்சின்கள் உருவாயின. இயக்கும் சக்கரத்தின் விட்டம் 2 மீட்டரைத் தாண்டிய அந்த எஞ்சின்கள் அக்காலத்தின் அதிவேக வண்டிகள். 1852-இல் அங்கே செய்த 'லெ கோந்தினான்' இன்றும் மூலூஸ் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இத்தகைய சக்கரங்களில் இன்னொரு சிக்கல் எழுந்தது. இணைப்புக் கம்பியின் எடை மையத்தைவிட்டு ஒரு பக்கமாகத் தொங்குவதால், வேகம் ஏற ஏற எஞ்சின் ஆடியது, தண்டவாளம் அடிவாங்கியது. எவ்வளவு எதிர் எடையைச் சக்கரத்தில் எங்கே வைப்பது என்ற கேள்வியைப் பிரெஞ்சுப் பொறியாளர் லூயி ல ஷாத்தலியே 1849-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பழைய நீராவி எஞ்சின் சக்கரங்களில் தெரியும் பிறைவடிவ இரும்புக் கட்டி அந்த எதிர் எடைதான்.

நிறையைத் தூரத்தின் இருமடியால் பெருக்கும் கூட்டல் அச்சேறியதும் பாரிஸில்தான். நெதர்லாந்தில் பிறந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ், புதிதாக அமைந்த அறிவியல் கழகத்தில் சேர 1666-இல் பாரிஸுக்கு வந்து, மன்னரின் நூலகத்திலேயே தங்கியிருந்தார். ஊசல் கடிகாரம் பற்றிய அவருடைய லத்தீன் நூல் 1673-இல் அங்கே வெளிவந்தது. நூலின் நான்காம் பகுதியில் ஒரு பழைய கேள்விக்கு விடை இருந்தது. அதை 1640-களில், ஹைகன்ஸ் இளைஞராக இருந்தபோது, பாரிஸ் துறவி மாரென் மெர்சென் அவர்முன் வைத்திருந்தார். நூலில் கட்டிய சிறு குண்டின் ஆட்டம் நூலின் நீளத்தைப் பொறுத்தது. ஆனால் ஒரு தடித்த கம்பியைத் தொங்கவிட்டு ஆட்டினால் எந்த நீளத்தைச் சொல்வது? கம்பியின் மேல்துணுக்குகள் விரைந்து ஆடப் பார்க்கின்றன, கீழ்த்துணுக்குகள் தாமதிக்கின்றன. எல்லாம் ஒரே கம்பியில் பிணைந்திருப்பதால் நடுவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தாக வேண்டும். நிறைகளைத் தூரத்தின் இருமடியால் பெருக்கிய கூட்டலை, வெறும் தூரத்தால் பெருக்கிய கூட்டலால் வகுத்தால் அந்த உடன்பாட்டு நீளம் வரும் என்று ஹைகன்ஸ் நிறுவினார். சீரான கம்பியை ஒரு முனையில் தொங்கவிட்டால், அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குள்ள நூல் ஊசலோடு ஒத்து ஆடும். வகுபடும் அந்தக் கூட்டலுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. அப்போது பெர்லினில் இருந்த கணிதவியலாளர் ஆய்லர் 1765-இல் வெளிவந்த தம் நூலில் பெயர் வைத்தார்.

நிலைமத் திருப்புத்திறனைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் கோண உந்தம் கிடைக்கும். வெளியிலிருந்து திருப்பு விசை எதுவும் படாதவரை அது கூடாது, குறையாது. பரத நாட்டியத்தில் பிரமரி சுற்றும்போது விரித்த கைகளை உடலோடு சேர்த்தால் சுழற்சி விரைவதற்குக் காரணம் இதுதான். கைகளின் நிறை அச்சுக்கு நெருங்கியதும் நிலைமம் குறைகிறது. பெருக்குத்தொகை மாறக்கூடாது என்பதால் வேகம் ஏறுகிறது. குயவரின் சக்கரம் இதற்கு மறுபுறம். கனத்தை விளிம்பில் ஏற்றி வைத்திருப்பதால், கோலால் ஒரு முறை சுற்றிவிட்ட பிறகு களிமண்ணின் உரசலையும் தாங்கிக்கொண்டு நெடுநேரம் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும்.

கோண உந்தத்துக்கு அளவு மட்டுமல்ல, திசையும் உண்டு. அந்தத் திசை அச்சு காட்டும் திசை. சுழலாத பம்பரத்தை நிறுத்திக் கையை எடுத்தால் விழுந்துவிடும். சுழலும் பம்பரத்தை அதே புவியீர்ப்பு இழுத்தும் அது விழாமல், சாய்ந்த அச்சோடு மெல்ல வட்டமாகத் தலை சுற்றுகிறது. ஈர்ப்பின் திருப்பு விசை ஏற்கெனவே இருக்கும் கோண உந்தத்தோடு பக்கவாட்டில் கூடுவதால், அச்சின் திசைதான் திரும்புகிறது. அச்சு இப்படி நகரும் வேகம், திருப்பு விசையைக் கோண உந்தத்தால் வகுத்த அளவு. எனவே கோண உந்தம் பெரிதாக இருந்தால், சிறு உரசல்களும் தட்டல்களும் அச்சை அசைக்க மாட்டா.

இந்த உண்மையைக் கருவியாக்கியவர் லெயோன் ஃபூக்கோ. 1819-இல் பாரிஸில் பிறந்தவர்; மருத்துவம் படிக்கப் போய், இரத்தத்தைக் காணப் பொறுக்காமல் விட்டுவிட்டு, கைத்திறனால் இயற்பியலுக்கு வந்தவர். 1851 ஜனவரியில் ரூ தாசாஸில் இருந்த வீட்டின் நிலவறையில் 2 மீட்டர் கம்பியில் 5 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, ஊசலின் ஆட்டத் தளம் மெல்லத் திரும்புவதைக் கண்டார். பூமி சுழல்வதை ஓர் அறைக்குள்ளேயே காட்டியாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் பாந்தியோன் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு தொங்கியது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. கார் து நோரில் ஆர்இஆர் பி ஏறி லுக்சம்பூர் நிறுத்தத்தில் இறங்கினால் அந்த இடத்துக்கு நடந்தே போகலாம்.

ஊசல் தரும் விடையில் ஒரு குறை இருந்தது: இடத்துக்கு இடம் அது மாறும். துருவத்தில் ஆட்டத் தளம் ஏறத்தாழ 24 மணியில் ஒரு சுற்று திரும்பும். பாரிஸில் அதற்கு ஏறத்தாழ 32 மணி நேரம் ஆகும். சென்னையில் நான்கு நாளைத் தாண்டும், யாழ்ப்பாணத்தில் ஆறு நாள் ஆகும். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. நேரடியான விடைக்காக ஃபூக்கோ ஒரு சுழலியை வடிவமைத்தார். 1852 செப்டம்பரில் அறிவியல் கழகத்தின் முன் அதை விவரித்து, சுழல்நோக்கி என்று பொருள்படும் ஜைரோஸ்கோப் என்ற பெயரையும் சூட்டினார்.

கருவியைச் செய்து கொடுத்தவர் பாரிஸின் நுண்கருவி வல்லுநர் குஸ்தாவ் ஃபுரோமான். அதன் இதயம் தடித்த விளிம்புள்ள ஒரு வெண்கலச் சக்கரம். நிறையை வெளி வளையத்தில் குவித்ததற்கு வேறு காரணம் இல்லை: அதே எடைக்கு அதிகபட்ச நிலைமம். சக்கரத்தின் அச்சை ஒரு வளையம் தாங்கியது, அந்த வளையத்தை இன்னொரு வளையம் தாங்கியது, அதை முறுக்கில்லாத பட்டு நூல் தாங்கியது. இப்படித் தொங்கியதால் அச்சு எந்தப் பக்கமும் தடையின்றித் திரும்பலாம். கைப்பிடியால் சுற்றும் தனிப் பற்சக்கரத் தொகுதி ஒன்று சக்கரத்தை விநாடிக்கு 150 முதல் 200 சுற்று வரை ஏற்றியது. பிறகு சக்கரத்தைக் கழற்றி அந்த வளையக் கூட்டில் வைத்தார்கள். சுழற்சி தளரும்வரை கிடைத்த அவகாசம் ஏறத்தாழ 10 நிமிடம். அதற்குள் பூமி திரும்புவது 2.5 பாகை, ஃபூக்கோ அந்த நகர்வை நுண்ணோக்கி வழியாகக் கண்டார். அறையும் மேசையும் பார்ப்பவரும் பூமியோடு திரும்ப, சக்கரத்தின் அச்சு மட்டும் விண்மீன்களை நோக்கிய திசையிலேயே நின்றது. அறைக்குள் இருப்பவருக்கு அச்சுதான் நகர்வதாகத் தெரிந்தது. இயற்பியல் வரலாற்றில் இதைவிட நேர்த்தியான சோதனைகள் மிகச் சிலவே. அச்சைக் கிடைமட்டத்தில் மட்டும் திரும்ப விட்டால் அது தானாக வடக்கைத் தேடும் என்பதையும் அவர் கண்டார். காந்தம் இல்லாத கப்பல் திசைகாட்டி அந்தக் கருத்திலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது.

எந்தப் பொருளுக்கும், வடிவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முதன்மை அச்சுகள் உண்டு. ரப்பர் வளையம் மாட்டிய ஒரு தடித்த புத்தகத்தைச் சுழற்றி மேலே எறிந்தால் அவற்றின் குணம் தெரியும். நிலைமம் மிகக் குறைந்த அச்சிலும், மிகக் கூடிய அச்சிலும் சுழற்றினால் ஒழுங்காகச் சுழன்று இறங்கும். நடு அளவுள்ள அச்சில் சுழற்றினால் எவ்வளவு கவனமாக எறிந்தாலும் நடுவழியில் புரண்டுவிடும். கணிதவியலாளர் லூயி புவான்சோ 1834-இல் பாரிஸில் வெளியிட்ட சுழற்சிக் கோட்பாடு, சமன்பாடுகளில் புதைந்திருந்த இத்தகைய அசைவுகளைக் கண்ணால் பார்க்கும்படி வடிவியலாக்கியது.

பூமியே ஒரு பெரிய பம்பரம். நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதால் அச்சு தலை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். காரணத்தை நியூட்டன் சொன்னார். திருப்பு விசையிலிருந்து அச்சின் அசைவு வரை கணக்கைச் செம்மையாகப் போட்டுக் காட்டியவர் பாரிஸின் கணிதவியலாளர் தாலம்பேர், 1749-இல். இந்தத் தலைசுற்றலின் வேகத்திலிருந்து, நடுக்கோட்டு அச்சுக்கும் துருவ அச்சுக்கும் உரிய நிலைமங்களின் வேறுபாடு, துருவ அச்சின் நிலைமத்தில் 305-இல் ஒரு பங்கு என்று வருகிறது. அதே வேறுபாடு பூமியின் நிறையை ஆரத்தின் இருமடியால் பெருக்கியதில் 0.00108 பங்கு என்பதைச் செயற்கைக்கோள்களின் பாதைகள் காட்டின. இரண்டையும் சேர்த்தால் பூமியின் நிலைமம் தெரிந்துவிடும்: நிறையை ஆரத்தின் இருமடியால் பெருக்கியதில் 0.33 பங்கு. உள்ளே வெளியே ஒரே அடர்த்தி உள்ள கோளமாக இருந்தால் அது 0.4 ஆக இருந்திருக்கும். குறைந்த எண்ணுக்கு ஒரே பொருள்தான்: நிறை அச்சுக்கு அருகே, நடுவில் குவிந்திருக்கிறது. மேற்பரப்புப் பாறை நீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தி உள்ளது. பூமியின் சராசரியோ 5.5 மடங்கு. கனமான உலோகக் கரு இருந்தாக வேண்டும் என்று 1890-களிலேயே ஜெர்மன் இயற்பியலாளர் எமில் வீகெர்ட் வாதாடினார். நிலநடுக்க அலைகளில் அதன் தடயத்தை 1906-இல் பிடித்தவர், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றி 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம். சந்திரனுக்கு இதே எண் 0.393. திண்மக் கோளத்தின் 0.4-க்கு மிக அருகில் இருப்பதால், அதன் கரு மிகச் சிறியது என்று தெரிகிறது.

பூமியின் நிலைமம் நிலையானதும் அல்ல. துருவப் பனி உருகி நீர் கடல்களில் பரவினால், அச்சை ஒட்டியிருந்த நிறை நடுக்கோட்டுப் பக்கம் நகர்கிறது. நிலைமம் கூடி, நாள் நீள்கிறது. பனியுகத்தில் அமுங்கிய நிலம் மெல்ல எழும்புவது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கடலலை ஏற்ற இறக்கங்களின் உரசல் பூமியைத் தளர்த்துகிறது. திரவ வெளிக்கருவோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலால் மேலோடு சில காலம் விரைகிறது, சில காலம் தளர்கிறது. எல்லாம் சேர்ந்து நாளின் நீளம் மில்லி விநாடிக் கணக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது. இதைக் கண்காணிக்கும் பன்னாட்டு மையம் பாரிஸ் வானாய்வகத்தில், ஆர்இஆர் பி தடத்தில் லுக்சம்பூருக்கு அடுத்த போர்-ரோயால் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இயங்குகிறது. உலகக் கடிகாரங்களில் ஒரு விநாடி கூட்ட வேண்டுமா என்ற அறிவிப்பை ஆண்டுக்கு இரு முறை அதுதான் வெளியிடுகிறது. 1972 முதல் 2016 முடிய 27 விநாடிகள் கூட்டப்பட்டன. அண்மைக் காலத்தில் பூமி சற்று வேகமாகச் சுழல்வதால், அதன் பிறகு ஒன்றும் கூட்டப்படவில்லை. வரலாற்றில் முதல் முறையாக ஒரு விநாடியைக் கழிக்க நேருமா என்ற கேள்வி எழுந்துள்ளது. அந்தத் தேவை 2026-இலேயே வந்திருக்கும், கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் உருகிய பனி நிலைமத்தைக் கூட்டியதால் அது 2029 வரை தள்ளிப்போயிருக்கிறது என்று 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது.